எந்தத் தெரு என்று கேட்டால்

எந்தத் தெருவில் நோய் என்று கேட்டால் அக்கா தண்ணீர் கேட்பார்.

"சிஸ்டரு, ஒரு வாய் தண்ணி குடேன்" என்று சொல்லிவிட்டு முக்காலியில் உட்கார்ந்து முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொள்வார். செம்பைக் கொடுத்தால் அவசரமே இல்லாமல் குடிப்பார். குடித்து முடித்ததும் வேறு பேச்சு வந்துவிடும். பிள்ளைகளுக்குப் பூச்சி மாத்திரை கொடுத்தாயா, கக்கூசுக்கு பினாயில் ஊற்றுகிறார்களா, உன் வீட்டுக்காரருக்கு ஷிப்டு மாறிவிட்டதா என்பார். நான் கேட்ட கேள்வி காலிச் செம்போடு போய்விடும்.

அவர் அரசாங்கத்தில் சுகாதாரப் பார்வையாளர். அம்பத்தூரிலிருந்து வேப்பம்பட்டு வரை மின்சார ரயில் நிற்கிற இடங்களில் உள்ள பள்ளிக்கூடங்களெல்லாம் அவர் பொறுப்பு. எண்பதுகளின் கடைசியில் அந்தப் பக்கம் நர்ஸ் வைத்திருந்த பள்ளிகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் பள்ளி அதில் ஒன்று, நான்தான் அந்த நர்ஸ். ஆஸ்பத்திரி வேலையில் அலுத்துப்போய், கல்யாணமாகி ஆவடி குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். ஒரு கட்டில், ஓர் அலமாரி, ஒரு டெட்டால் பாட்டிலோடு ஓர் அறையில் உட்கார்ந்திருந்தேன். முட்டியைத் தேய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு மருந்து போடுவேன். கணக்குப் பரீட்சை அன்று வயிற்றுவலி என்று வருகிற பிள்ளையைத் திருப்பி அனுப்புவேன். வெளியே என்ன காய்ச்சல் சுற்றுகிறது என்று எனக்குத் தெரிய அக்காவை விட்டால் வேறு வழியில்லை. பேப்பரில் வருவதற்குள் அது பிள்ளைகளுக்கு வந்துவிடும்.

அவர் தோளில் தொங்கும் ரெக்சின் பையில் எல்லாம் இருக்கும். பேதிக்குக் கொடுக்கும் உப்புப் பொட்டலம், சொறிக்குத் தடவும் வெள்ளை மருந்து, குளோரின் மாத்திரை, சுவரில் ஒட்டச் சுருட்டி வைத்த படங்கள். அதில் ஈ உட்கார்ந்த பண்டத்தின் படம் ஒன்று இருந்தது. அதைச் சுவரில் ஒட்டிய அன்று, பள்ளி வாசலில் மிட்டாய் விற்கும் கிழவர் என்னோடு சண்டைக்கு வந்துவிட்டார். அக்கா அவரைச் சமாதானப்படுத்தி, மிட்டாய்ப் பெட்டிக்குக் கண்ணாடி மூடி போட வைத்துவிட்டுத்தான் ரயிலேறினார்.

அக்காவுக்குச் செய்தி எங்கிருந்து கிடைக்கிறது என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வருவது கொஞ்சம்தான். மீதியை அவர் வாசல்களைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். எந்த வாசலில் வேப்பிலை செருகியிருக்கிறது, எந்தத் தெரு முனையில் இளநீர் காலையிலேயே தீர்ந்துபோகிறது, சந்தையில் கீழாநெல்லி விற்கும் பெண்ணிடம் இந்த வாரம் யார் வந்து வாங்கினார்கள், எந்தப் பிள்ளை அம்மாவின் தங்கச் சங்கிலியைக் கழுத்தில் போட்டுக்கொண்டு விளையாடுகிறது. தாடை வீங்கினால் பொன்னுக்கு வீங்கி, அதற்குத் தங்கம் போட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வைத்தியம். ஆடி மாதம் மட்டும் அக்காவின் பாடு திண்டாட்டம். கூழ் ஊற்றுகிறார்கள் என்று ஊர் முழுக்க வேப்பிலை கட்டிவிடுவார்கள், அம்மை எங்கே, திருவிழா எங்கே என்று தெரியாமல் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் எட்டிப் பார்த்துத் திட்டு வாங்குவார்.

இத்தனையும் பார்த்து வைத்துக்கொண்டு, நோயை மட்டும் எங்களிடம் சொல்வார். எப்படித் தொடங்கும், எதைக் கவனிக்க வேண்டும், எத்தனை நாள் பிள்ளையை வீட்டில் வைக்க வேண்டும் என்பதைத் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்பார். இடத்தை மட்டும் சொல்ல மாட்டார்.

ஒருமுறை மெட்ராஸ் ஐ வந்தபோது எங்கள் தாளாளர் அக்காவைத் தன் அறைக்கே கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டார். மரியாதை தெரிந்த மனிதர். குரலை உயர்த்த மாட்டார், கேட்டதை விடவும் மாட்டார்.

"எந்த ஏரியான்னு சொன்னீங்கன்னா நாங்க கொஞ்சம் ஜாக்கிரதையா இருப்போம் மேடம்."

"தண்ணி கிடைக்குமா சார்?"

பியூன் கொண்டுவந்த டம்ளரை அக்கா சாவகாசமாகக் காலி செய்தார். தாளாளர் பொறுமையாகக் காத்திருந்து, "கேட்டேனே மேடம்" என்றார்.

"தண்ணி நல்லா கீது சார். கெணறா, போரா? குளோரின் போட்டு எத்தினி நாளு ஆவுது?"

தாளாளர் என்னைப் பார்த்தார். நான் பியூனைப் பார்த்தேன். பியூன் ஜன்னலைப் பார்த்தார். அன்று சாயங்காலமே கிணற்றுக்கு மருந்து போட ஆள் வந்தது. மெட்ராஸ் ஐ எந்தத் தெருவிலிருந்து வந்தது என்று கடைசிவரை அவருக்குத் தெரியவில்லை. எனக்கும்தான்.

அன்றைக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்கு ஒரு எரிச்சல் உண்டு. தாளாளருக்குச் சொல்லாதது சரி, நான் யார்? கூட வேலை செய்கிறவளை நம்பாத அக்கா என்ன அக்கா? ஒருநாள் அம்பத்தூர் ஸ்டேஷனில் ரயிலுக்காக உட்கார்ந்திருந்தபோது கேட்டுவிட்டேன். பிளாட்பாரத்தில் தண்ணீர்க் குழாய் வேலை செய்யவில்லை. அதனாலோ என்னவோ பதில் சொன்னார்.

"முன்னாடி ஒரு இஸ்கூல்ல சொன்னேன் சிஸ்டரு. காமாலை வந்துகினு இருந்திச்சி. காலனில கொயா தண்ணில சாக்கடை கலந்துட்ச்சு. ஹெட்மாஸ்டரு எந்த எடம்னு கேட்டாரு. நல்ல மனுசன்தான். நானும் பொறுப்பா சொன்னேன். மறுநாளே அந்தப் பசங்களுக்குத் தனி பெஞ்சு, பானைகிட்ட தனி டம்ளரு. சரி, ரெண்டு வாரந்தானே, நோவு பரவாம இருந்தா போதும்னு நானும் தலையாட்டிட்டு வந்துட்டேன்."

ரயில் வரும் திசையைப் பார்த்துக்கொண்டார்.

"அடுத்த வருசம் பூச்சி மாத்திரை குடுக்கப் போறேன். காமாலை எப்பவோ போயிட்ச்சு, டம்ளரு போவல. தனியா ஆணி அட்ச்சி மாட்டி வெச்சிருக்காங்க. எட்டாவது படிச்ச பொண்ணு ஒண்ணு, அதுல குடிக்க மாட்டேன்னு இஸ்கூல வுட்டே நின்னுட்ச்சாம். அம்பத்தூர் எஸ்டேட்ல ஏதோ கம்பெனில பேக்கிங் பண்ணிக்கினு கீது."

"அதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க அக்கா? ஹெட்மாஸ்டர் பண்ணினது."

"ஆணி அவரு அட்ச்சாரு. எடம் காட்டினது யாரு?"

எங்கள் பக்கம் காலனிகள் நிறைய. ஹவுசிங் போர்டு காலனி என்றால் வீட்டு வாடகை ஏறும். வெறும் காலனி என்றால் ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். அங்கிருந்தவர்கள் ஒரு காலத்தில் பிறர் வயலில் வேலை செய்தவர்கள். வயல்கள் தொழிற்பேட்டை ஆனபிறகு அதே மண்ணில் பட்டறைக் கூலிகளாகப் போனார்கள். அந்தப் பிள்ளைகளில் சிலர் எங்கள் பள்ளியிலும் படித்தார்கள். தாளாளரின் அப்பா காலத்திலிருந்து அவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை இருந்தது. அந்தச் சலுகையை எங்கள் ஆசிரியர் அறையில் ஒருவரும் ஒருநாளும் மறந்ததில்லை. தனி டம்ளர் எங்கள் பள்ளியில் இல்லை. ஆனால் ஓர் ஆணி அடிக்க எவ்வளவு நேரமாகும் என்று அக்கா சொன்னபிறகு எனக்கும் தோன்றத்தான் செய்தது.

தீபாவளி கழிந்து மழை விட்டிருந்த ஒரு காலையில், பிரார்த்தனை நடந்துகொண்டிருக்கும்போதே அக்கா வந்து என் அறை வாசலில் நின்றார். எப்போதும் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் வருகிறவர். முகத்தைப் பார்த்ததுமே முக்காலியை இழுத்துப் போட்டேன்.

"தொண்டை அடைப்பான் சிஸ்டரு. ஒரு சின்னப் புள்ள ஆஸ்பத்திரில கீது. உன் இஸ்கூல் புள்ள இல்ல. அதுகூட வெளையாடற பசங்க உன் இஸ்கூல்லயும் கீதுங்க, மத்த இஸ்கூல்லயும் கீதுங்க."

நான் ஆஸ்பத்திரியில் அந்த நோயைப் பார்த்திருக்கிறேன். தொண்டைக்குள் சாம்பல் நிறத்தில் தோல் போலப் படர்ந்து மூச்சை அடைக்கும். சீக்கிரம் ஊசி போட்டால் பிழைக்கும், நாள் கடந்தால் சொல்ல முடியாது.

"எந்தத் தெரு அக்கா?"

அவர் பையிலிருந்து நாக்கை அழுத்திப் பிடிக்கும், ஐஸ்குச்சி போன்ற மரக்குச்சிகளின் கட்டு ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்தார். டார்ச்சுக்குப் புது பேட்டரி வைத்தார்.

"இது மெட்ராஸ் ஐ இல்ல. புள்ள செத்துப்போகும். எனக்கு மட்டும் சொல்லுங்க. நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்" என்றேன்.

"நீ மூச்சு வுட மாட்ட. அந்தத் தெருப் பசங்கள மட்டும் வரிசைல நிக்க வெச்சி நீ வாய பாத்தா, பாக்கறவனுக்குக் கண்ணு இல்லியா?" என்றார். பிறகு, "தண்ணி குடு" என்றார்.

கொடுத்தேன். வேண்டாவெறுப்பாகத்தான் கொடுத்தேன்.

"எல்லார் தொண்டையும் பாரு. ஒண்ணாப்புலேந்து ஆரம்பி, சின்னதுங்களுக்குத்தான் ஜாஸ்தி புடிக்கும். வெள்ளையா எதுனா ஒட்டிக்கினு இருந்தா சுரண்டாத. ஆபீஸ்ல போன் பண்ணி என்னைத் தேடு. அந்தத் தெருவுல ஊடு ஊடா நான் சொல்ட்டுதான் வரேன், தொண்டை வலின்னா ஒடனே கூட்டியாரச் சொல்லிக்கீறேன்."

அவர் அடுத்த பள்ளிக்குப் போய்விட்டார். எல்லாப் பள்ளிக்கும் அவர் ஒருவர்தானே.

மொத்தப் பள்ளியின் தொண்டையையும் ஒருத்தி பார்ப்பது என்றால் என்னவென்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் குச்சியைக் கண்டதும் அழுதார்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு பையன் என் விரலைக் கடித்தான். தாளாளர் நடுவில் வந்து நின்று, "குறிப்பா எந்தப் பக்கத்துப் பிள்ளைங்கன்னு தெரிஞ்சா சீக்கிரம் முடிஞ்சிடுமே சிஸ்டர்" என்றார். தெரியாது சார் என்றேன். உண்மையிலேயே தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன், அன்று எனக்கு அதில் சந்தேகமே இல்லை. இடுப்பு ஒடிய ஒடிய அக்காவைத் திட்டிக்கொண்டேதான் ஒவ்வொரு வாயாகப் பார்த்தேன்.

ஆறாம் வகுப்புக்கு நான் போனபோது இரண்டு மூன்று நாள் ஓடியிருந்தது. அங்கும் எல்லாத் தொண்டையும் சுத்தம். கிளம்பும்போது வகுப்பு டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னார், "செல்வி ஒருத்திதான் பாக்கி. பொன்னுக்கு வீங்கியாம். கழுத்து பெருசா வீங்கியிருக்காம், அம்மா செயினைப் போட்டுக்கிட்டு வீட்ல மகாராணி மாதிரி இருக்காளாம்."

"எங்க வீடு அவளுக்கு?"

"ஏரிக்கு அந்தப் பக்கம். காலனி."

பொன்னுக்கு வீங்கியில் தாடை வீங்கும். கழுத்தே பெருத்து வீங்குவது தொண்டை அடைப்பானில். அலுவலக அறைக்கு ஓடிப்போய் போன் செய்தேன். அக்கா எங்கோ திருநின்றவூர்ப் பக்கம் இருந்திருக்கிறார், கண்டுபிடித்துச் சொல்லவே மதியம் ஆகிவிட்டது. அவர் நேராகச் செல்வி வீட்டுக்குப் போய்விட்டார். பிள்ளை மூச்சு விடும் சத்தம் வாசலிலேயே கேட்டதாம். ஆட்டோ பிடித்துத் தொத்துநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஊசியும் போட்டார்கள். மறுநாள் செல்வி இறந்துவிட்டாள்.

அவள் அம்மாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அக்கா தொண்டை வலி என்று சொல்லிவிட்டுப் போனார். இங்கே கண்ணுக்குத் தெரிந்தது கழுத்து வீக்கம். அது தெரிந்த நோய், அதற்கு வீட்டில் வைத்தியமும் இருந்தது. பீரோவிலிருந்த ஒரே சங்கிலியை எடுத்து மகள் கழுத்தில் போட்டுவிட்டு, வெயிலில் போகாதே என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருக்கிறார்.

பள்ளியில் எல்லோருக்கும் இப்போது இடம் தெரிந்துவிட்டது. காலனிப் பிள்ளைகளைக் கொஞ்சநாள் நிறுத்தலாமா என்று தாளாளர் கேட்டபோது அக்கா தண்ணீர் கேட்கவில்லை. "மூடறதுன்னா மொத்தமா மூடுங்க சார். ஊசி போடறதுன்னா எல்லாத்துக்கும் ஒரே வரிசை" என்றார். தாளாளர் ஒரு வாரம் மூடினார். அதுவரைக்கும் நல்லவர்தான். பள்ளி திறந்தபிறகு தனி டம்ளர் வரவில்லை, ஆனால் இரண்டு மூன்று அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளுக்கு பெஞ்சு மாற்றிக் கேட்டார்கள், மாற்றியும் கொடுத்தார்கள்.

மூடியிருந்த வாரத்தில் காலனியில் நோய் பரவாமலிருக்க மாத்திரை கொடுக்க அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். செல்வி வீட்டுக்குக் கடைசியாகப் போனோம். நான் வர மாட்டேன் என்று தெரு முனையிலேயே நின்றுவிட்டேன். "வா" என்று மட்டும் அக்கா சொன்னார்.

செல்வியின் அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். மூன்றாம் வகுப்பில் படிக்கும் தம்பி சுவரோரம் உட்கார்ந்திருந்தான். அவன் கழுத்தில் அந்தச் சங்கிலி கிடந்தது. அக்கா அவனைப் பக்கத்தில் இழுத்து, சங்கிலியை ஒதுக்கிவிட்டுக் கழுத்தைத் தடவிப் பார்த்தார், டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தலையாட்டினார்.

"செயின இன்னும் ரெண்டு நாளு முன்னாடியே போட்டிருக்கணும்மா" என்றார் அந்த அம்மா. "நாந்தான் அசால்ட்டா இருந்துட்டேன்."

அது பொன்னுக்கு வீங்கி இல்லை, வேறு நோய் என்று அக்கா மெதுவாக எடுத்துச் சொன்னார். அந்த அம்மா கேட்டுக்கொண்டார். கேட்டதா என்று தெரியவில்லை. உள்ளே போய் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தார். அக்கா கேட்கவே இல்லை. போகிற இடமெல்லாம் தண்ணீர் கேட்பார் என்பது அந்தத் தெருவுக்கும் தெரிந்திருந்தது.

"தெருவே சொல்லிக்கினு கீது" என்றார் செல்வியின் அம்மா. " எந்த எடம், எந்த எடம்னு அத்தினி பேரு கேட்டும் நீ எங்க பேர எங்கியும் சொல்லலியாமே. எங்கள வுட்டுக் குடுக்கல நீ. உன் வவுத்துல பொறந்ததுங்க நல்லா இருக்கணும்."

அக்கா டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டிருந்தார். குடிக்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை. கடைசியில் நான் அதை அவர் கையிலிருந்து வாங்கி, பாதியைக் குடித்துவிட்டு வைத்தேன். யாராவது குடிக்கவேண்டியிருந்தது.

திரும்பும்போது ஏரிக்கரைமேல் நடந்தோம்.

"எடத்த சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு பொயச்சிருக்குமா சிஸ்டரு?"

பொய் சொல்லியிருக்கலாம். எனக்கு அவர்மேல் அவ்வளவு கோபம் இருந்தது, அவ்வளவு பிரியமும் இருந்தது. இரண்டும் சேர்ந்து பொய்யைத் தடுத்துவிட்டன.

"பொழச்சிருக்கும் அக்கா. அன்னிக்கே வராத பிள்ளை யாருன்னு பார்த்திருப்பேன். வீட்டுக்கே போயிருப்பேன்."

"நானும் அத்தான் நெனைக்கிறேன்" என்றார். ரயிலேறும்போது பையை மறந்துவிட்டு ஏறினார், நான்தான் ஓடிப்போய் ஜன்னல் வழியாகக் கொடுத்தேன்.

பிறகு பொங்கல் முடியும்வரை அவர் வரவில்லை. வேறு யாரையாவது அனுப்புவார்களோ என்று நினைத்தேன். ஒருநாள் சாப்பாட்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் அதே பை, அதே முக்காலி. கொஞ்சம் இளைத்திருந்தார். தட்டம்மை வந்திருக்கிறது என்றார். முதலில் ஜலதோஷம் மாதிரி இருக்கும், கண் சிவக்கும், பிறகுதான் தடிப்பு வரும், வாசலில் வேப்பிலை கட்டினால் பிள்ளையை வெளியே காட்ட மாட்டார்கள், மூச்சு வாங்கினால் மட்டும் எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல் என்று எல்லாம் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். எந்தத் தெரு என்று கேட்கவில்லை.

அவர் எழுந்திருக்கவில்லை. பையின் வாரைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார்.

"சிஸ்டரு, இந்தத் தபா எடத்த சொல்லிடட்டுமா?"

என்னைப் பார்த்துக் கேட்டார். உத்தரவு கேட்கிற மாதிரி இருந்தது. சொல்லுங்கள் என்பது என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. செல்வியின் தம்பி கழுத்தில் கிடந்த சங்கிலி ஞாபகம் வந்தது. நான் கண்ணாலேயே பார்த்திராத, ஏதோ ஒரு பள்ளியில் ஆணியில் தொங்கிய டம்ளரும் ஞாபகம் வந்தது. சொல்லாதீர்கள் என்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

எழுந்துபோய்ப் பானையிலிருந்து செம்பில் தண்ணீர் மொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு குடித்தார், அவசரமில்லாமல், கடைசிச் சொட்டு வரைக்கும். நான் டார்ச்சை எடுத்துக்கொண்டு, இன்று வராத பிள்ளைகள் யார் யார் என்று ஒவ்வொரு வகுப்பாகக் கேட்கப் போனேன்.